கொக்கு தினை தின்னுமா?

மதுரையில் பாட்டு கேட்பதற்குக் காசு கொடுக்க வேண்டிய நாட்கள் குறைவு. நவராத்திரிக்குக் கோயிலுக்குள்ளேயே கச்சேரி. மார்கழி விடியலில் பஜனை. பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஆளுக்கொரு படம்; நடுவில் கொட்டை எழுத்தில் ‘வள்ளி திருமணம்’; இரவு 10 மணி. டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. ஊர் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறது. பாயோ சாக்கோ கொண்டுபோய் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இந்த இலவச மேடைகளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு, இரண்டுமே உறுத்துகிறது. ஒன்று, “பபூன் அடிக்கிற இரட்டை அர்த்தமும் டான்ஸும்தானே, அதில் என்ன வரலாறு இருக்கிறது?” என்பது. மற்றது, “நாட்டுப்புறப் பாட்டுதான் மக்களின் உண்மை வரலாறு” என்று மாலை போட்டு ஒதுங்கிக்கொள்வது. முதல் ஆள் பதினொன்றரைக்கே எழுந்து போய்விடுகிறார். இரண்டாம் ஆள் பெரும்பாலும் வருவதே இல்லை. பாட்டு வரலாற்றைச் சொல்கிறது என்பது சரிதான். ஆனால் எந்த இடத்தில் சொல்கிறது, எப்படிக் கேட்டால் காதில் விழும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கணக்கில், தெரிந்த கதை தெரிந்த மாதிரியே போய்க்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் நழுவுகிறதோ, அங்கேதான் வரலாறு உட்கார்ந்திருக்கிறது. மூலக்கதை தெரியாதவருக்கு அந்த நழுவல் தெரியாது. கதை தெரிந்த கூட்டம் மொத்தமாகக் கூடுவது காசில்லாத மேடைக்கு முன்னால்தான்.

இரண்டு நாள் இடைவெளி

முதலில் எளிய உதாரணம். மீனாட்சி திருக்கல்யாணம் முடிந்து, மறுநாள் தேர் ஓடி, வழக்கமாக அதற்கும் மறுநாள் சித்ரா பௌர்ணமி விடியலில்தான் அழகர் வைகையில் இறங்குகிறார். தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்தவர் தாமதமாகிப் போனதால், கோபத்தில் ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது மதுரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் கோயில் நடைமுறையில் தாரை வார்த்துக் கொடுக்க வருபவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் கோயில் தரப்பிலோ, ஆற்றுக்கு வருவதே மண்டூக ரிஷிக்குச் சாப விமோசனம் தருவதற்காக. இரண்டு கோயிலின் புராணத்திலும் இல்லாத ‘தாமதமான அண்ணன்’ எங்கே இருக்கிறார்? அழகரைப் பாடும் வர்ணிப்புப் பாட்டில் இருக்கிறார், தெருப் பேச்சில் இருக்கிறார்.

பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் (1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது) இதை விரிவாகவே பார்த்திருக்கிறார். தனித்தனியாக நடந்த இரண்டு திருவிழாக்கள் திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) சித்திரையில் அருகருகே வந்து சேர்ந்தன. மாசியில் நடந்த கல்யாணம் சித்திரைக்கு நகர்ந்தது. தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகர் வண்டியூருக்குத் திரும்பினார். சைவக் கோயில் விழாவும் வைணவக் கோயில் விழாவும் ஒட்டிக்கொண்டன, ஆனால் நாள் மட்டும் ஒன்றாகவில்லை. பஞ்சாங்கத்தில் மிச்சமான அந்த இடைவெளிக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் லேட்டாகிவிட்டார் என்று பாட்டு சொன்னது. நாயக்கர் பெயரோ அரசாணையோ அந்தக் கதைக்குள் இல்லை. ஆனாலும் இரண்டு விழாக்களை யாரோ சேர்த்துத் தைத்த தையல் அந்தத் தாமதத்தில் தெரிகிறது. அழகரே வந்தாலும் கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி வர லேட்டாகத்தான் செய்யும் என்பது இன்றைய மதுரைக்காரன் பதில்.

வர்ணிப்பைக் கேட்க விரும்புகிறவர்கள் செய்யும் தவறு, ஆற்றில் இறங்கும் நேரத்துக்குப் போய் நிற்பது. அந்தக் கூட்டத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. முதல் நாள் இரவு, அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து கூட்டம் இளகும்போது தல்லாகுளம், புதூர்ப் பக்கம் மண்டகப்படிகளை ஒட்டி நடந்து பாருங்கள். வர்ணிப்பு பாடுபவர்கள் மேடை தேடுவதில்லை. நாலு பேர் சூழ்ந்து உட்கார்ந்தால் தொடங்கிவிடும். அழகர் வர்ணிப்பு மட்டும் என்றில்லாமல் பதினெட்டாம்படிக் கருப்பன் வர்ணிப்பும் ராக்காயி அம்மன் வர்ணிப்பும் வரும். மலையிலிருந்து புறப்பட்டு எந்த ஊர், எந்த மண்டபம், எந்தச் சாதியார் என்ன மரியாதை செய்தார் என்று வழித்தடம் வரிசையாக வருவதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் சப்பரம் போகும் வழியோடு ஒப்பிட்டால், பாட்டில் இருந்து தெருவில் இல்லாத இடமும், தெருவில் இருந்து பாட்டில் இல்லாத இடமும் பிடிபடும். அந்த இடங்களில்தான் பெரியவர்களிடம் விசாரிக்க வேண்டும்.

ஆலோலத்துக்குள் புகுந்த பறவை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸில் பார்த்த அந்த ‘வள்ளி திருமணம்’ மாதிரியான நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒரே கம்பெனி ஆட்கள் ஒத்திகை பார்த்துப் போடும் நாடகமில்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். அன்றைக்கு ராத்திரிதான் மேடையில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லாமல் விடிய விடிய எப்படி ஓட்டுகிறார்கள் என்றால், எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாட்டும் வசனமும் பாடம். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பையன்களை வைத்து நாடகம் நடத்தியவர் அவர். அவர் எழுதிய எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. சதையை அன்றன்றைக்கு ஆளாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆர்மோனியக்காரர்தான் நடத்துநர். யார் எந்தப் பாட்டை எடுக்கப் போகிறார் என்பதை முதல் இரண்டு ஸ்வரத்தில் பிடித்து, கட்டையை (சுருதியை) மாற்றி, மிருதங்கத்துக்குத் தலையசைத்து, தேவைப்பட்டால் பின்பாட்டும் பாடி இழுத்துக்கொண்டு போவார்.

பபூனும் டான்ஸும் முடிந்து வள்ளி வரும்போது ஊர் பாதி தூங்கியிருக்கும். நம்பிராஜன் மகளைத் தினைப்புனம் காக்க அனுப்புகிறான். பரணில் ஏறி வள்ளி ஆலோலம் பாடுகிறாள். அதற்குப் பிறகு நாரதர் வருவார், நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நீளும், அப்புறம் வேடனாகவும் கிழவனாகவும் முருகன், விடியும்போது கல்யாணம். தர்க்கத்துக்குத்தான் கைதட்டு அதிகம் என்பதால் ஆலோலத்தை ஓட்டமாக முடித்துவிடும் ஸ்திரீபார்ட்டுகளும் உண்டு. எனக்கென்னவோ நாடகத்தின் சூட்சுமம் அந்தப் பரண்மேல்தான் இருக்கிறது என்று படுகிறது.

ஆலோலம் ஒரு வரிசைப் பாட்டு. கிளியே போ, குருவியே போ, மைனாவே போ என்று பறவை பறவையாக விரட்டுவது. மெட்டும் தாளமும் வரிக்கு வரி மாறுவதில்லை. பறவையின் பெயர் மட்டும் மாறும். இப்படிப்பட்ட பாட்டுக்கு எப்போதுமே ஒரு காலி இடம் உண்டு. இன்னொரு பறவையைச் சேர்க்க வேண்டுமென்றால் புதிதாக எதையும் இசையமைக்க வேண்டாம்; ஆர்மோனியக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். சுதந்திரப் போராட்ட காலத்தில் அந்தக் காலி இடத்தில்தான் வெள்ளைக் கொக்கு வந்து இறங்கியது. மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) எழுதியதாக வழங்கும் அந்தப் பாட்டை ஊர் ஊராகப் பிரபலமாக்கியவர் தியாகி விஸ்வநாததாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வேலன், அதாவது முருகன் வேஷம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வெள்ளைக் கொக்கு யார் என்று சபைக்கும் தெரியும், சபையின் ஓரத்தில் நிற்கும் போலீஸுக்கும் தெரியும். பாட்டுக்காகப் பலமுறை சிறை போனார்.

இந்த அளவு எல்லோரும் எழுதிவிட்டார்கள். யாரும் நின்று பார்க்காத ஒன்று இருக்கிறது. கொக்கு தினை தின்னாது. மீன், தவளை, வயல் நண்டு, பூச்சி என்று தேடித் திரிகிற பறவை அது. நிற்பதும் நடப்பதும் தண்ணீர் கட்டிய நெல் வயலில். மேட்டாங்காட்டுத் தினைக்கொல்லையில் அதற்கு வேலையே இல்லை. கிளியையும் குருவியையும் விரட்டும் வரிசையில் கொக்கின் பெயர் வந்ததுமே, காடு கழனியில் வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் சம்சாரிக்குச் சுருக்கென்று உறைத்திருக்கும்: தினைக்கொல்லையில் கொக்குக்கு என்ன சோலி? கேள்வி எழுந்த அந்த நொடியில் அவர் வள்ளி கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறார். ‘வெள்ளை’ என்ற சொல் அதற்குப் பிறகு செய்கிற வேலை மிச்சம்தான். நிறத்தை வைத்துச் செய்த சிலேடை என்று மட்டும் சொல்லிப் போகிறவர்களுக்கு விவசாயம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். தனக்கு உரிமையில்லாத கொல்லையில் வந்து இறங்கிய பறவை என்பதே அரசியல். அது பாட்டில் சொல்லப்படவில்லை, கேட்கிறவர் தலைக்குள் நடந்தது.

இன்னொரு சௌகரியமும் அதில் இருந்தது. 1876-ஆம் வருடத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம், ஆட்சேபமான நாடகத்தைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் வள்ளியும் முருகனும்தான் இருப்பார்கள். கொக்கு பிரதியில் இல்லை, அன்றைய ராத்திரியில் இருந்தது. ஒத்திகை இல்லாத நாடகம் என்ற பலவீனமே பாதுகாப்பாகவும் ஆனது. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் நூலாக வந்திருக்கின்றன. அந்தக் காலத்து நாடகப் பாட்டுத் தொழில் எப்படி ஓடியது என்று பார்க்க விரும்புகிறவர்கள் படிக்க வேண்டியது அது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்கும் அவர் பாட்டு எழுதினார். புராணக் கதைக்கு நடுவில் காந்தியின் ராட்டினத்தைப் புகழும் பாட்டு எப்படி வந்தது என்று சினிமா ஆட்கள் ஆச்சரியப்படுவார்கள். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடும்போதே இறந்தார் என்பதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அவர் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் கூட நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. வெள்ளைக்காரனை விரட்டிய பாட்டுக்கு மேடை கிடைத்தது; கூட நடிக்க மாட்டேன் என்று சொன்ன சங்கதிக்கு யாரும் மெட்டுப் போடவில்லை. பாட்டு வரலாற்றைச் சொல்கிறது என்று மாலை போடுகிறவர்கள், எதையெல்லாம் அது விழுங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்றைக்கு அந்தக் காலி இடம் பரணிலிருந்து பபூனிடம் போய்விட்டது. கேஸ் விலை, ரேஷன், செல்போன், டாஸ்மாக் எல்லாம் சினிமா மெட்டில் வார்த்தை மாற்றி வருகிறது. ஊர்க் கமிட்டிக்கு இதில் பயம் உண்டு. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் மனுக்களில் வழக்கமாக வரும் நிபந்தனையே, ஆபாசம் கூடாது, கட்சியையோ மதத்தையோ சாதியையோ தொட்டுப் பாடக் கூடாது என்பதுதான். நாடகத்துக்கு வாய்மொழியாக இதையே சொல்லிவைக்கிறார்கள். அதனால் பபூன் யார் பெயரையும் சொல்லமாட்டார். ஒரு மெட்டை மட்டும் எடுப்பார். அந்த மெட்டு எந்தப் படத்தில், யாருக்காகப் போட்டது என்று தெரிந்தவன் சிரிப்பான். பழைய நாடகப் பாட்டுகளிலும் வார்த்தையைவிட மெட்டுதான் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பார்சி நாடக மெட்டு கேட்டால் ஒரு காலம், பேசும்பட மெட்டு கேட்டால் அடுத்த காலம். வார்த்தையை யார் வேண்டுமானாலும் பின்னால் மாற்றியிருக்கலாம்.

எங்கே உட்காருவது, எது காதில் விழாது

மேடையில் ஆர்மோனியம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்து வாத்தியக்காரர்களின் முகமும் கையும் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். நடிகர் பாட்டை மாற்றப் போகிறார் என்பது அவர் முகத்தில் தெரிவதற்கு முன் ஆர்மோனியக்காரர் முகத்தில் தெரியும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். நாற்பது அடியாவது தள்ளி, சற்றே பக்கவாட்டில். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று ஊர் வழக்கம் இருந்தால் அதன்படியே. முன்வரிசை சின்னப் பிள்ளைகளுக்கு. பன்னிரண்டு மணிக்குமேல் அவர்கள் தூங்கிச் சாய்ந்ததும் இடம் தானாகக் கிடைக்கும்.

இன்னும் சில ஊர்களில் கூம்புக் குழாயைத்தான் மரத்தில் கட்டுகிறார்கள். அதில் அடிச்சத்தம் வராது. சுமாராக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் காற்றோடு போய்விடும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி காணாமல் போய் வலப்பக்க வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்கும். தாளத்தைத் தவறவிட்டால் ஜால்ராக்காரர் கையைப் பாருங்கள். ஆனால் நாடகக் குரலுக்கும் கூம்புக்கும் நல்ல பொருத்தம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டுமென்பதால் ஆண்களே நாலரை, ஐந்து கட்டையில் பாடினார்கள். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டால் அந்த உயரம் புரியும். ஐந்து கட்டையில் ஆண்குரலின் மேல் ஷட்ஜம் (மேல் ‘ஸ’) 390 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். குரல் பெரும்பாலும் அதை ஒட்டியும் அதற்கு மேலேயும் சஞ்சரிப்பதால் கூம்பில் ஒன்றும் நஷ்டமில்லை. ஒரு கட்டையில் பாடும் இன்றைய சபா வித்வானுக்கு அதே ஷட்ஜம் 260 பக்கம்தான். அவரைக் கூம்பில் போட்டால் பாதிக் குரல் போய்விடும். மைக் வந்து தொண்ணூறு வருஷத்துக்குமேல் ஆகியும் நாடகக் குரல் பெரிதாகக் கீழே இறங்கவில்லை. வார்த்தையிலும் மெட்டிலும் மட்டும் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இந்தக் கட்டைக் கணக்கையும் குறித்துக்கொள்ளலாம்.

மூலத்தைப் படித்துவிட்டுப் போவது அவசியம். வள்ளி திருமணம் மலிவுப் பதிப்பு கிடைக்கிறது. முன்பு புதுமண்டபத்துக்குள் பெரிய எழுத்துப் புத்தகங்கள் விற்ற கடைகள் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்தில் இருக்கின்றன. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மேடையில் வராத பாட்டுக்கு நேராக ஒரு கோடு, புத்தகத்தில் இல்லாமல் மேடையில் வந்த பாட்டுக்கு அது வந்த நேரம். இவ்வளவுதான் குறிப்பு. அன்பளிப்பு அறிவிப்பையும் எழுதுங்கள். நாரதர் பாட்டுக்கு நடுவில் “இன்னார் ஐநூறு ரூபாய் அன்பளிப்பு” என்று மைக்கில் வரும், நடிகர் பாட்டை நிறுத்தி அவர் பெயரைப் பாட்டாகவே பாடிவிட்டுத் தொடர்வார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கோயில் சுவரில் கொடை எழுதியதைக் கல்வெட்டு என்று படிக்கிற நாம், இதை மட்டும் தொல்லை என்று தள்ளுவது நியாயமில்லை. யார் பெயர் எத்தனையாவதாக வந்தது, எந்தத் தெருக்காரர் என்று பார்த்தால் ஊர் நிலவரம் புரியும்.

போனில் பதிவு செய்வதானால் முதலில் கமிட்டியிடமும் ஆர்மோனியக்காரரிடமும் கேளுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு நின்ற இடத்தில் பூச்சிச் சத்தம் இரைச்சலாக ஏறும், பாட்டு தொடங்கியதும் முதல் வார்த்தை அமுங்கும். மோனோவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக எடுத்தால் நிமிடத்துக்கு ஐந்து எம்பிக்குச் சற்று மேல், எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை ஜிபி. ஒரே கோப்பாக ஓட விடாதீர்கள். சில செயலிகள் 2 ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும், அது தர்க்கம் சூடு பிடிக்கும் நேரமாகத்தான் இருக்கும். காட்சிக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஊர், தேதி, காட்சி மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். இரைச்சலில் ஒலி உடைகிறதென்றால் போனைத் துண்டில் ஒரு மடிப்பு சுற்றி வைத்தாலே பாதி சரியாகும்.

மேடை கிடைக்காத சண்டை

மதுரையை ஆண்டு, 1764 அக்டோபர் 15 அன்று இதே மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் யூசுப்கான் என்கிற கான்சாகிபு. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது; கான்பாளையம், கான்சா மேட்டுத் தெரு என்று ஊரின் முகவரியிலேயே அவர் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றிய ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலை நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்து 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கட்டபொம்மு கதைப்பாடலும் அதே வரிசைதான். வள்ளிக்கும் அழகருக்கும் இருப்பது போல இந்தச் சண்டைக்கு வருஷத்தில் ஒரு ராத்திரியும் ஒரு மேடையும் இல்லை. அதனால் புத்தகத்தோடு நின்றுவிட்டது. கட்டபொம்முவுக்கு மேடை இருக்கிறது, ஆனால் அந்த மேடையில் பேசுவது 1959-ல் வந்த சினிமா வசனம். ஒயிலாட்டக் குழுக்களில் பழைய பாட்டு தெரிந்த வாத்தியார் இருந்தால் தப்பித்தது.

இதைச் சரிசெய்கிறோம் என்று ‘இசையில் வரலாறு’ மாதிரியான தலைப்பில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நல்ல எண்ணம், நல்ல ஹால், நல்ல குரல். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தொகுப்பாளர் ஐந்து நிமிடம் இந்தப் பாட்டு எதைக் குறிக்கிறது என்று விளக்கிவிடுகிறார். விளக்கிய பிறகு கொக்கு வந்தால் அது சும்மா கொக்குதான். ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை: விளக்கத்தைப் பாட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள், அதையும் ஒரு நிமிடத்தில் முடியுங்கள். வெள்ளைக் கொக்குப் பாட்டைத் தனியாக வெட்டி எடுத்துப் பாடாமல், ஆலோலத்தின் ஐந்தாறு பறவைகளுக்குப் பிறகு கொண்டுவாருங்கள். பாட்டுக்காரரை ஐந்து கட்டையில் பாடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நாடகக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கான்சாகிபு சண்டையை அரங்கேற்றுவதானால் அக்டோபர் 15-ஐ விட்டுவிட்டு வேறு நாள் தேடாதீர்கள், வருஷா வருஷம் அதே நாள், முடிந்தால் சம்மட்டிபுரத்துப் பக்கமே. முதல் வருஷம் நாற்பது பேர்தான் வருவார்கள். கதை ஊருக்குப் பாடமான பிறகுதான் பாடகர் அதில் கைவைக்க முடியும், அதற்குச் சில வருஷம் ஆகும்.

நாடகத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வள்ளி கழுத்தில் மாலை விழுந்து மங்களம் பாடியதும் நடிகர்கள் வேஷம் கலைத்து முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஆர்மோனியக்காரர் பெட்டியைக் கட்டிவிட்டு டீக்கடைக்கு வருவார். “அண்ணே, வள்ளி பரண்ல நின்னு ரெண்டாவதா எடுத்தாங்களே, அது புத்தகத்துல இல்லையே, யாரு வச்சது?” என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் கேட்டுப் பாடம் பண்ணினார், அது எந்த ஊர் ஸ்திரீபார்ட் பாடியது, எந்த வரியை இவரே மாற்றினார் என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். பாட்டு நோட்டைக் காட்டினால் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த நோட்டுதான் அவர் தொழிலுக்கு முதல்.